முகத்துக்குப் பின்னால் யார்?

ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில், இரண்டாம் இலக்கச் சுரங்க ரயில் முடிகிற எல்லிங்ஸ்ருட்டில், என் குசினி மேசையிலிருந்து பேசுகிறேன். இரவுப் பணி முடித்து வந்து கொஞ்சம் படுத்து எழும்பினேன். குரல் கரகரத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனிதரைப் போன்ற இயந்திரங்களைப் பற்றி ஒரு தாதியை ஏன் பேசச் சொல்கிறீர்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டேன். பிறகு யோசித்தால், செயற்கை மனிதரோடு வெகுகாலமாக வேலை செய்து வருபவர்கள் நாங்கள்தான்.

தாதிய டிப்ளோமா படித்த காலத்தில் நான் முதன்முதலாக மூச்சு ஊதியது ஒரு பொம்மையின் வாய்க்குள். அதன் பெயர் ஆன். நோர்வேயின் ஸ்தவாங்கர் நகரத்தில் விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்த ஓஸ்முண்ட் லார்டால், மருத்துவர்களின் யோசனையோடு 1960இல் அதை உருவாக்கினார். தண்ணீரில் மூழ்கிய தன் சின்ன மகனைக் காப்பாற்றிய தகப்பன் அவர். பொம்மைக்கு முகம் தேடியபோது, உறவினர் வீட்டில் தொங்கிய ஒரு முகமூடி நினைவுக்கு வந்தது. பாரிஸின் சேன் நதியில் இறந்து கிடந்த, பெயர் தெரியாத இளம்பெண்ணின் முகம் என்று கதை உள்ள முகமூடி அது.

மண்ணில் ஊதிய மூச்சால் மனிதன் உயிர்பெற்றான் என்று ஞாயிறு பள்ளியில் படித்தவள் நான். எத்தனை தரம் ஊதியும் ஆன் எழும்பவில்லை. எழும்பவும் தேவையில்லை. அவளிடம் பழகிய கை வேறொருவரின் நெஞ்சில் வேலை செய்தால் போதும். ஆனுக்குப் பின் வந்த பயிற்சிப் பொம்மைகள் வியர்க்கின்றன. அவற்றின் கண்மணி சுருங்குகிறது. ‘நெஞ்சு நோகுது’ என்று முனகவும் செய்கின்றன. அந்த முனகல் பக்கத்து அறையில் இருக்கிற ஆசிரியரின் குரல்.

இப்போது வீட்டுக்குள்ளேயே வரப் போகிறவர்களைப் பார்ப்போம். ஒஸ்லோவுக்குத் தெற்கே மொஸ் நகரத்தில் 2014இல் ஹலோடி என்ற நிறுவனம் தொடங்கியது. இன்று அதன் பெயர் ஒன்-எக்ஸ். தலைமையகம் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது. ‘நியோ’ என்ற வீட்டு ரோபோவுக்கு 2025 அக்டோபரில் 20,000 டொலர் விலையில் முன்பதிவைத் திறந்தார்கள். எடை ஏறக்குறைய 30 கிலோ. உடம்புக்குப் பின்னல் உடை. தனக்குத் தெரியாத வேலை வந்தால், வீட்டுக்காரரின் அனுமதியோடு நிறுவனத்தின் ஆள் ஒருவர் தூரத்தில் இருந்துகொண்டு அதை இயக்குவார். அப்படிச் செய்யச் செய்ய அது கற்றுக்கொள்ளும்.

நான் இதைக் கேலி செய்யவில்லை. என் இடுப்பைக் கேட்டால் நாளைக்கே வாங்கச் சொல்லும். ஆனால் இதை வாசித்தபோது எனக்கு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஞாபகம் வந்தது. எல்லோருக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய்தான் நினைவில் நிற்கும். எனக்கு நிற்பது ஜீவா. நாட்டையே ஆண்ட அந்த ஜீவா, ஒளியால் ஆன வெறும் உருவம். பின்னால் வேறு ஆட்கள்.

சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு கேள்வி வந்தது. ஆள் அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். மறதிநோய் உள்ள எங்கட அம்மா ஒருவர். முப்பது வருடம் பேசிய நோர்வே மொழி அவரை விட்டுப் போய்விட்டது. பிந்திக் கற்ற மொழி முந்திப் போவது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. மிச்சம் தமிழ் மட்டும். அந்த விடுதியில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒவ்வொரு இரவும் கேட்பார்: “பிள்ளை, மகள் எத்தின மணிக்கு வருவா?”

மகள் வேறு நாட்டில். ஒருநாள் அவர் தொலைபேசியில் கேட்டார்: “அக்கா, என்ர குரலிலயே தமிழ் கதைக்கிற மாதிரி ஒண்டு செய்யலாமாம். அம்மாவின்ர கட்டிலுக்குப் பக்கத்தில வைக்கட்டே?”

வேண்டாம் என்று என் வாயால் உடனே சொல்ல முடியவில்லை. முந்தின இரவுதான் அந்த அம்மாவிடம், “வந்துகொண்டிருக்கிறா அம்மா, நீங்கள் படுங்கோ” என்று சொல்லியிருந்தேன். மூன்று அறைகளில் மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் சொன்னதும் பொய்தான். நான் சொன்னால் இரக்கம், இயந்திரம் சொன்னால் ஏமாற்றா?

1966இல் அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம், ‘எலிசா’ என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவருடைய செயலாளரோ, அதனோடு தனியாகப் பேசவேண்டும், நீங்கள் வெளியே போங்கள் என்றாராம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது இயந்திரம் என்று தெரியும். எங்கட அம்மாவுக்குத் தெரிய வழியில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. என் பொய்க்கு நான் பொறுப்பு. நோர்வேயின் சுகாதாரப் பணியாளர் சட்டம் 1999இல் வந்தது. அதன்படி நான் செய்வதற்கு நான் பதில் சொல்லவேண்டும், அனுமதியே பறிபோகலாம். சட்டத்தை விடுங்கள், அடுத்த இரவு அந்த அம்மாவின் முகத்தில் நான் விழிக்கவேண்டும். நாளைய இயந்திரம் இன்னும் நல்ல தமிழ் பேசும், பின்னால் ஆளே தேவைப்படாமலும் போகலாம். அப்போது பதில் சொல்வது யார்?

மகளிடம் சொன்னேன்: “தங்கச்சி, கதைக்கிற மெசின் வரட்டும். தமிழ்க் குரல் ஒண்டு அவவுக்குத் தேவைதான். ஆனா வேற குரலில, தான் மெசின் எண்டு சொல்லிக்கொண்டு வரட்டும். இரவு ரெண்டு மணிக்கு உம்மட குரல் அம்மாவுக்கு என்ன சொன்னது எண்டு உமக்கே தெரியாமப் போகக்கூடாது. உம்மட குரலை நீரே அனுப்பும்.”

இப்போது மகள் சின்னச் சின்னப் பதிவுகள் அனுப்புகிறார். இன்றைக்குப் புட்டு அவித்தேன், மழை பெய்தது, இவ்வளவுதான் விஷயம். சில இரவுகளில் அம்மா அதைக் கேட்டபடி நித்திரையாகிறார். சில இரவுகளில், “நான் கேக்கிறதுக்கு இவள் ஏன் மறுமொழி சொல்லுறாளில்லை?” என்று கோபிக்கிறார். அந்த இயந்திரக் குரல் மறுமொழி சொல்லியிருக்கும். இது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் என் நியாயம் எல்லாம் ஆட்டம் காண்கிறது. கட்டிலோரத்தில் உட்கார்ந்து, மணி அடிக்கும்வரை அவருடைய கையைப் பிடித்திருக்கிறேன்.

வடக்கு நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் நின்ற எங்கட தலைமுறை முதுமைக்குள் போகிறது. உங்கள் நகரங்களிலும் இப்படித்தான் இருக்கும். அடுத்த இரவுப் பணிக்கு முன், உங்கள் வீடுகளில் என்ன முடிவு எடுப்பீர்கள் என்று கேட்க ஆசைப்படுகிறேன்.