கடலுக்குள் ஒன்றேகால் மைலுக்கும் மேல்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு இலண்டனில் நடைபெற்ற ஒன்றுகூடலில், 1970களில் கல்லூரியை விட்டு வெளியேறிய மாணவிகளின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கல்லூரியின் பெருமைகளைப் பேச இம்மேடையில் பலர் இருக்கிறார்கள். நாங்கள் எங்களுக்குத் தந்த பத்து நிமிடத்தில் ஒரு பலகைப் பாதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சவுத்எண்ட் கடற்கரையில் உள்ள பியர்தான் அது.

இலண்டனில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஊரிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து இம்மலரை வாசிக்கும் தோழியருக்காகச் சொல்கிறோம். கடலுக்குள் இரும்புத் தூண்களை நாட்டி, மேலே பலகை பரப்பி, கரையிலிருந்து நீட்டிய மேடைதான் பியர். எங்களூர் இறங்குதுறையைப் போன்றது. ஆனால் குறிகட்டுவானில் நாம் நடப்பது நயினாதீவுக்கு வள்ளம் ஏறுவதற்காக. இங்கே நடப்பதற்காகவே நடக்கிறார்கள்.

தொடக்கத்தில் இதுவும் கப்பலுக்காகத்தான் கட்டப்பட்டது. தேம்ஸ் ஆறு கடலோடு சேரும் அந்த இடத்தில், வற்றின்போது நீர் ஏறத்தாழ ஒரு மைல் தூரம் விலகிப் போய்விடும். எஞ்சுவது சேறு. கப்பல்கள் கரையை அணுக முடியாததால் 1830இல் மரத்தால் ஒரு பியர் அமைத்து, பின்னர் அதை நீட்டினார்கள். இன்று நாம் காணும் இரும்புப் பியர் 1889இல் திறக்கப்பட்டது. நீளம் 2.16 கிலோமீற்றர். உலகின் மிக நீளமான உல்லாசப் பியர் இதுதான். ரயில் பாதை வந்தபின், கிழக்கு இலண்டன் தொழிலாளர் குடும்பங்கள் விடுமுறை நாளில் இங்கே திரண்டார்கள். ஒரு கிழமை தங்க வசதியில்லாதவர்கள் காலையில் வந்து மாலையில் திரும்பினார்கள். கப்பலேறப் பணமில்லாதவர்களும் கடலின் மேல் நடந்தார்கள்.

நூறு ஆண்டுகளின் பின், அதே கிழக்கு இலண்டனிலிருந்து, அதே போல நாங்களும் போனோம்.

முதன்முதலாகப் போனது 1990ஆம் ஆண்டுக் கோடையில். நான்கு குடும்பங்கள், ஒன்பது பிள்ளைகள். கணவன்மாரில் இருவர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார்கள். பார்க்கிங் நிலையத்தில் ரயிலேறினோம். கட்லட், ரோல்ஸ், புளிச்சாதப் பார்சல், பிளாஸ்க்கில் தேநீர், சிப்ஸுக்குத் தூவ ஒரு சிறு போத்தலில் மிளகாய்த்தூள். கசூரினாக் கடற்கரைக்கு வான் பிடித்துப் போன நாட்களின் பழக்கம் எங்களை விடவில்லை.

அந்தக் கோடையில்தான் காங்கேசன்துறை, மயிலிட்டி, கீரிமலைப் பக்கத்துச் சனங்கள் வீடுகளை விட்டுப் போனார்கள். எங்களில் இருவரின் வீடுகளும் அங்கேதான். பல கிழமைகளாகக் கடிதம் இல்லை. பிள்ளைகளுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பியரின் பலகை இடுக்கால் கீழே தண்ணீரைப் பார்த்துக் கூச்சலிட்டுக்கொண்டு அவர்கள் முன்னே ஓடினார்கள். நுனியில் நின்று எதிரே தெரிந்த கரையைக் காட்டி, "அதுவா அம்மம்மாவின் ஊர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அது கென்ட் என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேறு பக்கம் திரும்பி நின்றோம்.

அன்றிரவு எங்களில் ஒருத்தி தாயாருக்கு எழுதினாள்: "ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு பியருக்குப் போனோம்." மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: "பிள்ளை, உந்தப் பழக்கம் எப்ப தொடங்கினது? அதுவும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே போறது?" படித்துப் படித்துச் சிரித்தோம். பிறகுதான் கடிதத்தின் மேல் மூலையைப் பார்த்தோம். விலாசம் வேறாக இருந்தது. இடம்பெயர்ந்து, யாரோ வீட்டு விறாந்தையில் இருந்து எழுதியிருக்கிறார்.

அதன் பிறகு ஆண்டுதோறும் போனோம். அந்தப் பியரின் கதையும் மெல்ல மெல்லத் தெரிய வந்தது. இரண்டாம் உலகப் போரில் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. 1959இலும் 1976இலும் தீப்பிடித்தது. 1980இல் செலவு தாங்காது, மூடப்போகிறோம் என்று நகரசபை அறிவித்தபோது சனங்கள் விடவில்லை. பழுதாகி நின்ற பியர் ரயில் 1986 மே மாதம் மீண்டும் ஓடியது. அடுத்த மாதமே ஒரு கப்பல் மோதிப் பியரை ஊடறுத்தது. அதையும் திருத்தினார்கள். 2005இல் நுனி மீண்டும் எரிந்தது. இன்றும் பியர் நிற்கிறது. பழுதுபட்டது என்பதற்காக ஒன்றைக் கைவிட வேண்டியதில்லை என்பதை எங்களுக்குக் காட்டியது அதுதான்.

தோழியரே, இதை ஏன் இங்கே சொல்கிறோம்? எமது சங்கத்தின் ஒன்றுகூடல்களுக்கு ஆட்கள் குறைந்து வருகிறார்கள். வருகிற பிள்ளைகளும் மண்டபத்தின் பின்வரிசையில் கைத்தொலைபேசியோடு இருக்கிறார்கள். நாங்கள் மேடையில் சொல்வது அவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை.

சென்ற ஆண்டு எங்களில் ஒருத்தி மகளோடும் பேத்தியோடும் அதே பியருக்குப் போனாள். நடுவழியில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், கடலைப் பார்த்தபடி நடக்கையில், 1990ஆம் ஆண்டு அந்தக் கோடையில் ஏன் எல்லோரும் திரும்பி நின்றோம் என்பதை முதன்முறையாக மகளுக்குச் சொன்னாள். கென்ட்டைக் காட்டிக் கேட்ட பிள்ளை அந்த மகள்தான். "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றாளாம். மண்டபத்தில் முப்பது ஆண்டுகளாக வராத பேச்சு அது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். அடுத்த கோடை ஒன்றுகூடலை மண்டபத்தில் வைக்காமல் சவுத்எண்ட் பியரில் வைப்போம். நடக்கக்கூடியவர்கள் நடப்போம். முழங்கால் நோவுள்ள அக்காமார் பியர் ரயிலில் வரட்டும். ஆளுக்கொரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். கல்லூரி மணியோசை, விடுதிச் சாப்பாடு, விட்டு வந்த வீடு, எது வாயில் வருகிறதோ அதைச் சொல்வோம்.

பியர் மறுகரைக்குப் போகும் பாலமல்ல. எவ்வளவு தூரம் போனாலும் அதே வழியால் திரும்பித்தான் வரவேண்டும். வரும்போது பிள்ளைகளும் எங்களோடு கதைத்துக்கொண்டு வந்தால் போதும்.

மிளகாய்த்தூள் போத்தலை நாங்கள் கொண்டு வருகிறோம்.