எழுதாத கடைசி வரி



உங்கள் அலுவலகத்துப் பிரிண்டரின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் பன்னிரண்டு குறிகள், இரண்டிரண்டாகப் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். எண்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்திருக்கும். அதுதான் மேக் முகவரி. பெரும்பாலும் முதல் ஆறு குறிகள், தயாரித்த நிறுவனத்துக்கு ஐஇஇஇ அமைப்பு ஒதுக்கியவை. மீதி ஆறும் அந்தக் கருவிக்கென்று நிறுவனம் வைத்தவை.

இந்தப் பிரிண்டரின் கேபிள் போய்ச் சேரும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். எந்தப் போர்ட்டிலிருந்து எந்த முகவரி பேசுகிறது என்பதை அது தானாகவே கற்றுக்கொள்ளும். ஆனால் யாரையும் தடுக்காது. சுவரில் சும்மா கிடக்கும் போர்ட்டில், வழியோடு வந்த ஒருவர் மடிக்கணினியைச் செருகினாலும் உள்ளே விட்டுவிடும்.

அதற்காகத்தான் சுவிட்சுக்குள் ஒரு பட்டியல் எழுதுகிறோம். இந்த முகவரிக்கு அனுமதி, அந்த முகவரிக்கு மறுப்பு என்று வரிவரியாக எழுதி, அதை ஒரு போர்ட்டோடு இணைத்துவிட்டால், அந்த வழியாக நுழையும் ஒவ்வொரு தரவுத் துண்டையும் சுவிட்ச் பட்டியலோடு ஒப்பிடும். மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் வரியோடு நிறுத்திக்கொள்ளும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் பார்க்காது.

எந்த வரியிலும் பொருந்தவில்லை என்றால்? பட்டியலின் அடியில் நாம் எழுதாத ஒரு வரி இருக்கிறது. 'மற்ற எல்லாருக்கும் மறுப்பு' என்பது அதன் பொருள். திரையில் பெரும்பாலும் அது தெரியவே தெரியாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கணினி ஆய்வகத்தில். ஒரே ஒரு மடிக்கணினியைத் தடுக்கச் சொன்னார்கள். அதன் முகவரியைப் போட்டு ஒரு மறுப்பு வரி எழுதி, ஆய்வகத்துக் கணினிகளெல்லாம் வந்து சேரும் போர்ட்டில் இணைத்தேன். அடுத்த நொடி நாற்பது கணினிகளும் நின்றுவிட்டன. தேர்வுப் பதிவுக்காக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். என் கணினியும் அதே வழியில்தான் இருந்தது, அதனால் சுவிட்சுக்குள் திரும்ப நுழைய முடியவில்லை. சுவிட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளைத் தேடி எடுத்துக்கொண்டு, மாடியில் பெட்டி இருக்கும் அறைக்கு ஓடினேன். சேர்க்க வேண்டியிருந்தது ஒரு வரிதான்: மறுப்புக்குக் கீழே, 'மற்ற எல்லாருக்கும் அனுமதி'. இருந்தாலும் அந்த எழுதாத வரி மேல் எனக்குக் கோபமில்லை. முன்பின் தெரியாதவருக்குக் கதவு மூடியிருப்பதுதான் சரி. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்காமல் கதவுக்குப் பூட்டுப் போட்டது என் தவறு.

இந்தப் பூட்டை முழுக்க நம்பியும் இருக்கக்கூடாது. மேக் முகவரியை மென்பொருளால் சில நொடிகளில் மாற்றிவிடலாம். அனுமதி பெற்ற முகவரியைத் தெரிந்துகொண்டவர் அதையே தன் கணினிக்கு வைத்துக்கொள்வார், சுவிட்சுக்கு வித்தியாசம் தெரியாது. கைப்பேசிகளோ வைஃபையில் தாமாகவே பொய் முகவரி காட்டுகின்றன. இரண்டாவது குறி 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால், அது தொழிற்சாலையில் வைத்த முகவரி அல்ல. இன்னொன்று: சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் சுவிட்சுகள் பலவற்றில் இந்தப் பட்டியல் ஐபி அல்லாத போக்குவரத்தை மட்டுமே சோதிக்கும். நாம் பார்க்கும் இணையமெல்லாம் ஐபிதான். அங்கே போர்ட் செக்யூரிட்டி என்ற வேறு ஏற்பாட்டைத்தான் நாட வேண்டும்.

கடவுச்சொல் கேட்டு உள்ளே விடும் 802.1எக்ஸ் இதைவிட உறுதியானது. ஆனால் பழைய பிரிண்டருக்கும் வருகைப் பதிவுக் கருவிக்கும் கடவுச்சொல் சொல்லத் தெரியாதே! அவற்றுக்கு இந்தப் பட்டியல் இன்றும் வேண்டியிருக்கிறது. அதை எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஸ்டிக்கரைப் பார்த்துக் கையால் குறித்துக்கொள்ளாதீர்கள். கைப்பேசியில் படம் எடுத்து, பெரிதாக்கிப் படியுங்கள். மங்கிய அச்சில் 8 எது, பி எது என்று வெறும் கண்ணால் சொல்வது கடினம்.