எட்டாவது ஆண்டும் இரண்டு பிள்ளைகளும்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பில் ஐரோப்பாவில் வாழ்பவர்கள் ஐவர். மூவர் வைத்தியர்கள், இருவர் ஆய்வுகூடங்களில். ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூடுவோம். பாதி நேரம் சமையல், மீதி வேலை.

எங்களில் ஒருத்தி, கலாநிதிப் பட்டம் பெற்ற எட்டாவது ஆண்டில், ஐரோப்பிய ஆராய்ச்சிப் பேரவையின் தொடக்க மானியத்துக்கு விண்ணப்பிக்க விரும்பினாள். ஐந்து ஆண்டுகளுக்கு 15 இலட்சம் யூரோ வரை கிடைக்கும். சொந்தமாக ஓர் ஆய்வுக் குழு அமைக்கலாம். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். "ஏழு ஆண்டு எல்லை கடந்துவிட்டது, இனி முடியாது" என்றார் அவளுடைய மேலாளர். அவள் நம்பினாள். நாங்களும் "சரி, விடு" என்றோம். விதியை ஒருவரும் வாசிக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் வாசித்தோம். தாய்மாருக்கு ஒரு பிள்ளைக்கு 18 மாதங்கள் என்ற கணக்கில் அந்த எல்லை நீளும். பட்டத்துக்கு முன் பிறந்த பிள்ளையும் சேரும். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஏழும் மூன்றும் பத்து. அப்போது அவளுக்குப் பதினோராவது ஆண்டு. அன்று யாரும் சமையல் பேசவில்லை.

பட்டத்துக்குப் பின் வந்த நீண்டகால நோய், வைத்தியர்களின் மேற்பயிற்சி, புகலிடம் கோரிக் காத்திருந்த காலம் ஆகியவற்றுக்கும் சான்று காட்டி எல்லையை நீட்டக் கேட்கலாம். புகலிடம் என்ற சொல்லை அந்தப் பட்டியலில் கண்டபோது இரண்டு தடவை வாசித்தோம். வீணாய்ப் போனவை என்று எங்கள் தலைமுறை எண்ணிய ஆண்டுகள் அவை. எல்லைகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் ஆண்டின் வேலைத்திட்டத்தையே வாசியுங்கள்.

இந்த மானியம் 'ஹொரைசன் ஐரோப்பா' என்ற பெருந்திட்டத்தின் ஒரு பகுதி. 2021 முதல் 2027 வரை அதற்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 95.5 பில்லியன் யூரோ. கூட்டு ஆய்வுகளுக்குப் பொதுவாக மூன்று வெவ்வேறு நாடுகளின் மூன்று நிறுவனங்களாவது சேரவேண்டும். அவற்றில் ஒன்றாவது ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கவேண்டும். நான்காவதாக ஓர் இலங்கைப் பல்கலைக்கழகம் சேரலாம். சும்மா பெயருக்கு அல்ல, நிதி பெறும் பங்காளியாக. இங்குள்ள விரிவுரையாளர்களிடம் இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

நாங்கள் சேர்ந்து எழுதிய முதல் கூட்டு விண்ணப்பம் தோற்றது. ஆய்வின் தரம், பயன், நடைமுறைப்படுத்தல் என்று மூன்றுக்குப் புள்ளி தருவார்கள். பயன் என்ற பகுதியை நோயாளியின் அறிக்கைபோல எழுதியிருந்தோம். அந்த ஆய்வால் யாருடைய வாழ்வு எப்படி மாறும் என்று ஒரு வரிகூட இல்லை. மதிப்பீட்டாளர் குறிப்பு கசந்தது, ஆனால் நியாயமானது. அடுத்த தடவை, ஐரோப்பிய நாடுகளில் இலவசமாக ஆலோசனை வழங்கும் தேசியத் தொடர்பு அலுவலர்களில் ஒருவரை முன்கூட்டியே அணுகினோம். அதைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாம்.

இன்னொன்று. முடிவு நேரம் பெரும்பாலும் பிரசெல்ஸ் மாலை 5 மணி. இலங்கையில் அது கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. நிறுவனத்தின் ஒன்பது இலக்கப் பதிவெண்ணை அந்த இரவில் தேடாதீர்கள்.

எங்கள் தோழி இப்போது வேறொரு மானியத்துக்கு எழுதுகிறாள். இன்று நூலகத்தில் நான்கு மணிவரை அவளும் நாங்களும் இருப்போம். பட்டம் பெற்ற திகதியையும் பிள்ளைகளின் பிறந்த திகதிகளையும் கொண்டு வாருங்கள். சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.