வேலையின்மையும் உழைப்பாளியின் மனமும்

(கட்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2019 தொடக்கத்தில் ரயில்வே தேர்வு வாரியங்கள் சுமார் 35,000 பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டன. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 1.25 கோடிப் பேர். முதற்கட்டத் தேர்வு 2020 டிசம்பரில்தான் தொடங்கியது. அதன் முடிவு 2022 ஜனவரியில் வந்தது. ஒருவரையே பல பணிகளுக்குத் தேர்ந்ததாகக் கணக்கிட்டுப் பட்டியலைச் சுருக்கிவிட்டார்கள் என்று கண்ட இளைஞர்கள் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் தண்டவாளங்களில் அமர்ந்தனர். அலகாபாத்தில் மாணவர் தங்கியிருந்த அறைகளின் கதவுகளை உடைத்து நுழைந்து காவல்துறை தாக்கியது. அந்தச் சில நாட்களின் ஆவேசத்தை நாடே பார்த்தது. அதற்கு முன் கழிந்த மூன்று ஆண்டுகளின் மௌனம் எவர் கண்ணிலும் படவில்லை.

அந்த மௌனத்துக்குள் என்ன நடக்கிறது? பாட்னாவில் ஓர் அறையை நால்வர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஊரில் தந்தை நிலத்தை அடகு வைத்து அனுப்பும் பணம் வாடகைக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும் போகிறது. திருவிழாவுக்கு ஊர் செல்வது இளைஞனுக்குத் தண்டனையாகிறது. அடுத்த ஆண்டு அவன் செல்வதில்லை. திருமணம் தள்ளிப்போகிறது. வயது வரம்பு நெருங்குகிறது. பணியிடமே இல்லாத நாட்டில், பணி கிடைக்காததற்குத் தன் மூளையையும் தன் உழைப்பையும் அவன் குற்றஞ்சாட்டத் தொடங்குகிறான். முதலாளித்துவத்துக்கு இதைவிட மலிவான காவல்காரன் கிடைக்கமாட்டான்.

வேலையின்மையால் தற்கொலை செய்துகொண்டவர்கள் 2018இல் 2,741 பேர், 2019இல் 2,851 பேர், 2020இல் 3,548 பேர் என்று ஒன்றிய அரசே மாநிலங்களவையில் கூறியது. இந்த எண்களுக்கும் அடியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் தற்கொலைகள் மொத்தம் 1,64,033. இறந்தோரைத் தொழில்வாரியாகப் பிரித்தால் வேலையற்றோர் 13,714 பேர். தினக்கூலிகள் 42,004 பேர், அதாவது நால்வரில் ஒருவர். காரணவாரியாகப் பிரித்தாலோ முதலிடம் ‘குடும்பப் பிரச்சினை’க்கு, அடுத்த இடம் நோய்க்கு. அடுப்பு எரியாத வீட்டில் மூளும் சண்டையையும், மருந்து வாங்கப் பணமின்றி முற்றிய நோயையும் காவல் நிலையப் பதிவேடு இப்படித்தான் எழுதிக்கொள்கிறது. எல்லாக் குடும்பத் துயரமும் வேலையின்மையிலிருந்தே பிறக்கிறது என்று சொல்வது மிகை. ஆனால் சண்டை எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

இங்கு ஆஸ்திரியாவின் மரியந்தால் கிராமத்தை நினைவுகூர்வது பயன்தரும். உலகப் பொருளாதார நெருக்கடியில் அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டு, ஊர் ஏறக்குறைய முழுவதுமே வேலையிழந்தது. மரீ யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகிய ஆய்வாளர்கள் அங்கே சென்று கண்டவற்றை 1933இல் நூலாக வெளியிட்டனர். வேலையற்றவனுக்கு நேரம் மிகுதி, ஆகவே படிப்பான், சிந்திப்பான், போராடுவான் என்றுதான் யாரும் எண்ணுவர். நடந்தது நேர்மாறானது. தொழிலாளர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. அரசியல் நாளேட்டின் சந்தாக்கள், பொழுதுபோக்கு நாளேட்டின் சந்தாக்களைவிட மிகுதியாகச் சரிந்தன. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தனர், அடிக்கடி நின்றனர், கைக்கடிகாரம் அணிவதைக்கூட விட்டனர். பெண்களுக்கு வீட்டு வேலை இருந்ததால் அவர்களின் நாள் மட்டும் நிரம்பியே இருந்தது. அதற்கும் கூலியில்லை என்பது தனிக்கதை.

வறுமை தானாகவே வர்க்க உணர்வாக மாறிவிடும் என்று நம்பும் தோழர்கள் இன்றும் உண்டு. அவர்கள் மரியந்தாலை ஊன்றிப் படிக்க வேண்டும். சோர்ந்த மனம் புரட்சியைத் தேடிப் போவதில்லை. அண்டை வீட்டானின் மீது புகார் எழுதப் போகிறது. மரியந்தாலிலும் அதுதான் நடந்தது. இன்று வட மாநிலங்களில் மதவெறி ஊர்வலங்களின் முன்வரிசையில் வாளேந்தி நிற்போரில் எத்தனை பேர் வேலைக்கு விண்ணப்பித்துக் களைத்தவர்கள் என்பதைக் கட்சி கேட்டே ஆக வேண்டும். அவர்களுக்கு அங்கே ஒரு சட்டை, ஒரு பொறுப்பு, ‘நீயும் ஒரு ஆள்’ என்ற மதிப்பு கிடைக்கிறது.

ஆள்வோரின் விடை வேறு. பக்கோடா விற்பதும் வேலைவாய்ப்பு அல்லவா என்று 2018இல் பிரதமர் கேட்டார். திறன் போதாது என்கிறார்கள், மனத்தைத் திடப்படுத்து என்கிறார்கள். மார்க்ஸ் விளக்கிய சேமப் பட்டாளத்தை மூச்சுப் பயிற்சியால் கலைத்துவிட முடியாது. வாயிலுக்கு வெளியே காத்திருக்கும் கூட்டத்தைக் காட்டித்தான் உள்ளேயிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியை இரண்டு மணி நேரம் கூடுதலாக நிற்க வைக்கிறார்கள். ஒருவனுக்கு வேலையில்லாத அச்சம், இன்னொருவனுக்கு வேலை போய்விடும் அச்சம். இரண்டும் சேர்ந்தே உற்பத்தி நடக்கிறது.

2022 கிளர்ச்சி இன்னொன்றையும் காட்டியது. ரயில்வே அமைச்சகம் குழு அமைத்தது. மார்ச் மாதம் பட்டியலை விரிவாக்கவும், நான்காம் நிலைப் பணிகளுக்கு ஒரே தேர்வு நடத்தவும் ஒப்புக்கொண்டது. தன் தோல்வி தன் குறையென எண்ணிக் கதவை அடைத்திருந்தவன், தன்னைப் போன்ற ஆயிரம் பேரைத் தண்டவாளத்தில் கண்டான்.

கிளைகள் செய்ய வேண்டியவை மிகச் சாதாரணமானவை. சுவரொட்டி ஒட்டவும் ஊர்வலத்துக்கும் மட்டும் வேலையற்ற இளைஞரைத் தேடும் வழக்கம் ஒழிய வேண்டும். படிப்பகம் மாலையில் திறந்திருக்க வேண்டும். காலிப் பணியிடங்களின் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைக்கலாம். ‘வீட்டில்தான் இருக்கிறாள்’ என்று கணக்கில் விடப்படும் பட்டதாரிப் பெண்களைத் தோழர்கள் வீடு வீடாகச் சென்று சந்திக்க வேண்டும். 14416 என்ற அரசு மனநல உதவி எண் ஒவ்வொரு கிளைச் செயலாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்; அந்த எண் வேலை தராது, ஆனால் ஓர் இரவைக் கடத்த உதவும். கூட்டத்துக்கு இரண்டு முறை வராத இளைஞனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவதற்கு முன், ஒரு தோழர் அவன் வீட்டுக்குச் சென்று வரட்டும்.