மரத்தரைக்கு அடியில்



மலாயா 1949-ஆம் ஆண்டில் முதல் தாமஸ் கிண்ணத்தை வென்றது. அன்று தொட்டுப் பூப்பந்து நம் எல்லாருடைய ஆட்டமாகிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளும் மாலையானால் மட்டையும் கையுமாக மண்டபத்துக்கு ஓடுகிறார்கள். ஆனால், சிமெண்டுத் தரை முழங்காலுக்கு நண்பன் அல்ல. தாவி இறங்கும் பிள்ளையின் கால்மீது அந்த அதிர்ச்சி முழுவதும் திரும்பி வந்து விழுகிறது. ஆகவேதான் நல்ல விளையாட்டு அரங்குகளில் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும் மரத்தரை போடுகிறார்கள். சிமெண்டுத் தளத்தின்மேல் அதை எப்படி அமைப்பது? இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் பணியாற்றிய தோட்டத்தில் பெற்றோர்கள் சம்பள நாள்தோறும் கொடுத்த காசைச் சேர்த்து மண்டபத்துக்கு மரத்தரை போட்டோம். யோசனை சொன்னவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தாம். சிமெண்டு காய்ந்துதானே இருக்கிறது என்று எண்ணி, பலகைகளை நேரே அதன்மேல் ஒட்டி, சுவரோடு நெருக்கிப் பொருத்திவிட்டோம். மழைக்காலம் வந்ததும் தரை நடுவில் ஆமை முதுகுபோல் எழும்பிற்று. அதில் கால் இடறிய மாணவன் ஒருவன் கணுக்கால் பிசகிப் படுத்துவிட்டான். காசு கொடுத்தவர்கள் எங்களை ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது.

காரணம் என்ன? சிமெண்டுத் தளம் கல்போல் தோன்றினாலும் அதனுள் நுண்ணிய துளைகள் உண்டு. மண்ணின் ஈரம் அவற்றின் வழியே ஆவியாக மேலேறுகிறது. அதை உறிஞ்சும் பலகை அகலவாட்டில் ஊதுகிறது. ஊத இடமில்லாவிட்டால் மேலே எழும்புகிறது.

ஆகவே, முதல் வேலை ஈரத்தைச் சோதிப்பது. இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டிவிடுங்கள். மறுநாள் தூக்கிப் பாருங்கள். அடியில் நீர்த்துளியோ கருத்த ஈரமோ தெரிந்தால் பொறுங்கள். புதிய தளமானால், ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. நம் மழைநாட்டில் அதற்கு மேலும் ஆகலாம். சுவருக்கு வெளியே தண்ணீர் தேங்கினால் முதலில் கால்வாயைச் சீர்செய்யுங்கள்.

அடுத்தது, மட்டம் பார்ப்பது. பத்தடி நேர்ச்சட்டத்தை வைத்தால், எங்கும் எட்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது. மேட்டைத் தேய்த்து, பள்ளத்தை நிரப்ப வேண்டும்.

பிறகு தளம் முழுவதும் கனமான பிளாஸ்டிக் தாளை விரியுங்கள். தாளின்மேல் தாள் ஆறு அங்குலம் ஏறியிருக்கட்டும், இணைப்புகளை ஒட்டிவிடுங்கள். அதன்மேல் அடிக்கு ஒன்றாக ரப்பர் வில்லைகள் வரும். ஆம், நாம் வெட்டும் பால் தரும் அதே ரப்பர்! அதிர்ச்சியைத் தாங்குவது அதுதான்.

வில்லைகளின்மேல் அரை அங்குல ஒட்டுப்பலகையை இரண்டு அடுக்காக, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்துத் திருகாணியால் பிணைக்க வேண்டும். திருகாணி அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விடக்கூடாது. தாள் கிழிந்தால் ஈரம் ஏறிவிடும்.

கடைசியாகத்தான் கெட்டி மரப்பலகை. அதை வாங்கிய அன்றே அடித்துவிடாமல், மண்டபத்திலேயே இரண்டு வாரமாவது காற்றாட அடுக்கி வையுங்கள். நான்கு சுவர் ஓரங்களிலும் இரண்டு அங்குலம் இடம் விடுங்கள். காற்றுப் போகும் ஓரச்சட்டத்தால் அதை மறைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் இரண்டாம் முறை இப்படித்தான் செய்தோம். பழைய பலகைகளில் நல்லவற்றைப் பொறுக்கிக்கொண்டோம். அதன்பின் எத்தனையோ மழை பெய்தும் அந்தத் தரை எழும்பவில்லை. கணுக்கால் பிசகிய அதே மாணவன் அதில் ஆடியதைக் கண்டபோதுதான் எங்கள் மனம் ஆறியது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மரத்தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

கண்ணுக்குத் தெரிவது மேற்பலகை. அதைக் காப்பதோ கண்ணுக்குத் தெரியாத அடித்தளம். அங்கே சிக்கனம் பார்த்தால் இரட்டைச் செலவுதான்.