கூனல் ஊழ் அன்று!



நாற்று நட்டும் களை பறித்தும் ஊரை வாழவைத்த மூதாட்டியின் முதுகு வளைந்தால், ‘அகவை முதிர்ந்துவிட்டது’ என்று கூறி அமைந்துவிடுகின்றனர் வீட்டார். எலும்பு புரையோடி முதுகெலும்பு நொறுங்குவதை அச்சொல் மறைத்துவிடுகின்றது.

ஏறத்தாழ 45 முதல் 50 அகவைக்குள் மாதவிடாய் நிற்கின்றது. எலும்பைக் காத்துவந்த பெண்மைச் சுரப்புநீர் அப்பொழுது குறைகின்றது. அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு விரைந்து தேய்கின்றது. அவ்வேளையில் அவள் உண்பது யாது? கணவனுக்கும் பிள்ளைகட்கும் இட்டபின் எஞ்சிய சோறு! 100 கிராம் தீட்டிய அரிசியில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 10 மில்லிகிராமே. அதே அளவு கேழ்வரகிலோ 300க்கும் மேல். கூழை இழிவென்று தள்ளி, வெள்ளைச் சோற்றை உயர்வென்று கொண்டதன் விலையை அவள் எலும்பு செலுத்துகின்றது.

களியோடு முருங்கைக்கீரையும் மோரும் அவளுக்கு வேண்டும். வெயிலும் வேண்டும், வெயில்பட்ட தோலில் உண்டாகும் டி உயிர்ச்சத்து இன்றேல், உண்ட சுண்ணாம்புச் சத்து உடலில் நன்கு சேராது.

அவள் உயரத்தைச் சுவரில் கோடிட்டு வையுங்கள். பின்னாளில் 4 செண்டிமீட்டர் குறைந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேய்வைத் தடுக்கும் மருந்துகள் உள்ளன. வழுக்கும் கிணற்றடியைச் செப்பனிடுங்கள். இரவில் நடைவழியில் விளக்கிடுங்கள். வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்து பாயோடு கிடப்பவளைப் படுக்கைப் புண்ணும் நுரையீரற் காய்ச்சலும் சூழும், சாவும் நெருங்கும்.

அன்று அழுவதாற் பயனில்லை. இன்றே, முதற் களியுருண்டையை அவள் கலத்தில் இடுங்கள்!