உதவி மிஸ்ஸாகவே இருந்துவிடலாமா?

அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை





ஒவ்வோர் ஆண்டும் இந்த மேடையில் மருத்துவம், பொறியியல் என்று பேசுவோம். இன்று, கண்ணெதிரே இருந்தும் நாம் கவனிக்கத் தவறியவர்களைப் பற்றிப் பேச வேண்டும். காலை எட்டு மணிக்குப் புர்காவை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையோடு நர்சரிப் பள்ளிக்கு விரைகிறார்களே, நம் மஹல்லாவின் உதவி மிஸ்கள், அவர்களைத்தான் சொல்கிறோம்.

அழுகிற பிள்ளையைத் தேற்றுவது, பென்சில் பிடிக்கப் பழக்குவது, டைரி எழுதுவது, டிபன் ஊட்டுவது, வேன் வரும்வரை வாசலில் நிற்பது எல்லாம் அவர்கள் வேலை. வகுப்பு டீச்சர் லீவு போட்டால் அன்று முழு வகுப்பும் அவர்கள் பொறுப்பு. ஆனால் சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் கடைசியில் இருக்கும். அவர்கள் கைபிடித்து எழுதப் பழக்கிய பிள்ளை கல்லூரிக்குப் போய்விடும். அவர்கள் மட்டும் அதே எல்.கே.ஜி. வாசலில் நிற்பார்கள்.

இதில் நம் அறக்கட்டளையின் தவறும் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து பெண்களுக்கு ஒரு தனியார் மையத்தில் பத்து மாத ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் கட்டினோம். சான்றிதழும் வந்தது. அவர்களில் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போய், தான் வேலை பார்த்த பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பு ஆசிரியை இடம் கேட்டார். "மழலையர் வகுப்புக்கு இது சரிம்மா, ஒன்றாம் வகுப்புக்குச் செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் நம் அலுவலகத்துக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பணம் கட்டுறதுக்கு முன்னாடி நீங்க விசாரிக்கலையா காக்கா?" நம்மிடம் பதில் இல்லை.

அதன்பிறகுதான் விதிகளை முறையாகப் படித்தோம். அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியராக உரிய தகுதி வேண்டும். அந்தத் தகுதி என்னவென்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010இல் அறிவித்தது. ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்க, பிளஸ் டூ முடித்து, டி.எல்.எட். எனப்படும் இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயம் பெற வேண்டும். அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் முதல் தாளில் தேற வேண்டும். ஆறு முதல் எட்டு வரை கற்பிக்க, பட்டப்படிப்போடு பி.எட். படித்து இரண்டாம் தாளில் தேறலாம். "பி.எட். இருந்தால் எல்லா வகுப்புக்கும் போதும்" என்று பலர் நினைக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது.

மழலையர் வகுப்பிலேயே தொடர விரும்புகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முன்பருவக் கல்விப் பட்டயத்தை வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் முதலில் பிளஸ் டூவை முடியுங்கள். அந்தப் படி இல்லாமல் அடுத்த படி இல்லை.

டெட் என்றதும் பயப்படுகிறார்கள். முதல் தாளுக்கு 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 30. பிள்ளை ஏன் அடம்பிடிக்கிறது, எப்போது கவனம் சிதறுகிறது என்பதைப் பத்து ஆண்டுகளாகத் தினமும் பார்த்தவருக்கு முதல் பகுதி புதிதல்ல. புத்தகத்தின் சொற்கள்தான் புதிது. அவற்றைச் சொல்லிக்கொடுக்க நம்மால் முடியும். அரசுப் பள்ளி வேலைக்கு டெட் தேறியபின் தனியாகப் போட்டித் தேர்வும் உண்டு. அதையும் மனதில் வையுங்கள்.

ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம். எந்த மையத்திலும் பணம் கட்டும் முன், "இந்தச் சான்றிதழை வைத்து எந்த வகுப்புக்கு, எந்தப் பணியில் சேரலாம்?" என்று கேளுங்கள். டி.எல்.எட். என்றால், அந்த நிறுவனத்துக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இனி விசாரிக்காமல் ஒரு ரூபாயும் கட்ட மாட்டோம். பி.சி.எம். சாதிச் சான்றிதழையும் இப்போதே வாங்கி வையுங்கள். 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு நமக்கு இருந்தும், கடைசி நேரத்தில் காகிதம் இல்லாமல் இடத்தை விட்டவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஏன் படிக்கவில்லை என்று சில சகோதரிகளைக் கேட்டோம். கட்டணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. "ரெண்டு வருஷம் வேலையை விட்டா வீட்டு வாடகை யாரு குடுப்பா?" என்றார்கள். டி.எல்.எட். முழுநேரப் படிப்பு. பள்ளிகளுக்கும் பயிற்சிக்குப் போக வேண்டும். வேலையும் படிப்பும் ஒன்றாக ஓடாது. இத்தனை ஆண்டுகள் நாம் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, உண்மையான தடையை அப்படியே விட்டுவைத்திருந்தோம்.

ஆகவே நிர்வாகக் குழு ஒரு முடிவெடுத்திருக்கிறது. இந்த ஆண்டு மூன்று உதவி ஆசிரியைகளைத் தேர்ந்தெடுத்து, கட்டணத்தோடு, அவர்கள் இழக்கும் சம்பளத்தில் பாதியையும் படிப்பு முடியும்வரை மாதாமாதம் கொடுப்போம். மூன்று பேர் என்பது குறைவுதான். உங்கள் கை நீண்டால் எண்ணிக்கை கூடும்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. மருமகள் படிக்கப் போகும் இரண்டு ஆண்டுகள் அடுப்படியைக் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளுங்கள். பேரப்பிள்ளையை மாமியார் பார்த்துக்கொள்வதும் இந்த உதவித்தொகையின் ஒரு பங்குதான்.

பள்ளி நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. படிக்கப் போகிறவரின் இடத்தை நிரந்தரமாக அடைத்துவிடாதீர்கள். தகுதியோடு திரும்பி வந்தால் ஆசிரியை என்ற பெயரையும், அதற்குரிய சம்பளத்தையும் கொடுங்கள். சலுகையாக அல்ல, உரிமையாகக் கொடுங்கள்.

அன்று நம்மிடம் கேள்வி கேட்ட அந்தச் சகோதரி இன்று இந்த அரங்கில் இருக்கிறார். மூன்று விண்ணப்பங்களில் முதல் விண்ணப்பம் அவருடையது. அவருக்கும் மற்ற இருவருக்கும் வழி எளிதாக அமைய துஆ செய்யுங்கள்.